மழைக்கு முன்பே பேசிப் பழகுகிறவர்கள்

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை மறுநாள் முழுவதும் விடவில்லை. கோலாலம்பூரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது என்று அரசாங்கம் பிறகு தெரிவித்தது. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்மாடிகள் மூழ்கின. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறிப் படகுக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட்.

என் அத்தை வீடும் ஸ்ரீ மூடாவில்தான். சனிக்கிழமை இரவு மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் அவருடைய கைப்பேசியும் அணைந்தது. அதற்குமுன் யாரோ உறவினர் எழுதிய ஒரு புலனச் செய்தி மட்டும் குழுவுக்குக் குழு ஓடிக்கொண்டிருந்தது. "நான்கு பேர், மாடியில் இருக்கிறார்கள், ஒருவர் இனிப்பு நீர் நோயாளி, யாராவது உதவுங்கள்." அதில் தேதி இல்லை, நேரம் இல்லை, அனுப்பியவர் யார் என்பதும் இல்லை. அத்தை பத்திரமாக வெள்ள நிவாரண மையத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இரண்டு வேளை சாப்பிட்ட பிறகும் அவரைக் காப்பாற்றச் சொல்லும் அந்தச் செய்தி எனக்கு வந்துகொண்டே இருந்தது. அதே நேரத்தில் உண்மையாகவே கூரையில் நின்ற எத்தனை பேருடைய செய்தி இப்படிப் பழைய செய்திகளுக்கு அடியில் புதைந்து போயிருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன்.

பேரிடரில் முதலில் அறுந்து போவது தகவல். அது அறுந்த பிறகு படகு இருந்தும் எங்கே போவதென்று தெரியாது. சாப்பாடு இருந்தும் எத்தனை பொட்டலம் என்று தெரியாது. அந்த இடைவெளியை அடைப்பதற்காக மழை இல்லாத நாட்களில் உட்கார்ந்து பழகுகிற ஒரு கூட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அவர்கள்தாம் அமெச்சூர் வானொலியாளர்கள். உலகம் முழுவதும் 'ஹாம்' என்று அழைக்கப்படுகிறவர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர்களோடு பழகிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே தொடங்கிய கதை

இது இன்று வந்த பொழுதுபோக்கு இல்லை. மலாயாவில் வானொலியே ஆர்வலர்களின் கையில்தான் பிறந்தது. 1921இல் ஜொகூரில் பணியாற்றிய மின்பொறியாளர் ஒருவர் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்தார். அவரைச் சுற்றி ஒரு சங்கம் உருவானது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதேபோன்ற சங்கங்கள் எழுந்தன. 1930 வாக்கில் கோலாலம்பூர் சங்கத்தினர் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பினார்கள். பிரிக்பீல்ட்ஸில் நின்று கிள்ளான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் தெரிகிற, பழைய அரண்மனை இருக்கும் குன்றுதான் அது. இன்று நாம் மின்னல் எப்எம் கேட்கிறோம் என்றால் அதன் மூத்த தலைமுறையில் இந்தக் குன்றும் இருக்கிறது.

ஒலிபரப்பு பிறகு அரசாங்கத்தின் பொறுப்பானது. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் தனியார் ஆர்வலர்கள் தொடர்ந்தார்கள். 1952இல் அவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. 'மார்ட்ஸ்' என்ற சுருக்கப் பெயரில் அது இன்றும் இயங்குகிறது. இதைத் தவிர, மாநிலங்கள் தோறும் சிறிய மன்றங்களும் இருக்கின்றன.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. வண்டிக்கு எண் பலகை மாதிரி. தீபகற்ப மலேசியாவில் அது 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். சபாவில் 2க்குப் பதில் 6, சரவாக்கில் 8. அந்தக் குறியைச் சொல்லாமல் யாரும் காற்றில் பேசக் கூடாது. பெயர் தெரியாத குரலுக்கு இங்கே இடமில்லை. புலனக் குழுவில் ஓடிய அந்தச் செய்திக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான்.

அந்தமானில் ஒரு பெண், அம்பாந்தோட்டையில் ஒரு கார்

கைப்பேசியும் இணையமும் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு 2004 டிசம்பர் 26ஆம் தேதியைப் பார்க்க வேண்டும்.

டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி அந்த மாதம் ஒரு சிறு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேருக்கு வந்திருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து அமெச்சூர் வானொலி ஒலித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உலக ஆர்வலர்கள் அந்தமானோடு ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்று காத்திருந்தார்கள். விடுதி அறையில் கருவி, மாடியில் ஆண்டெனா என்று வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் நிலம் குலுங்கியது. பிறகு கடல் வந்தது. தொலைபேசிகள் செயலிழந்த அந்தத் தீவுகளிலிருந்து வெளியுலகுக்கு எட்டிய குரல்களில் ஒன்று அவருடைய குரல். போட்டிக்காகக் கொண்டுவந்தது போன்ற கருவிகள் அன்றே நிவாரணக் கருவிகளாக மாறின. தீவில் இருப்பவர்களின் நலத்தைப் பெருநிலத்தில் தவித்த குடும்பங்களுக்குச் சொல்வதும், அதிகாரிகளின் செய்திகளைக் கடத்துவதும் அந்தக் குழுவின் வேலையானது. கார் நிக்கோபாருக்கும் ஆள் போனார்கள். அந்தமானில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன என்பது தெரிந்தவர்களுக்கு அந்தச் செய்திகளின் எடை புரியும்.

அதே நாட்களில் இலங்கையில், தெற்குக் கரையில் உள்ள அம்பாந்தோட்டைக்கு அந்நாட்டு வானொலிச் சங்கத்தினர் காரில் கருவியோடு போனார்கள். அங்கிருந்து கொழும்பில் பிரதமரின் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சிற்றலை வழியாகத் தொடர்பு கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு கருவி, ஒரு கார் பேட்டரி, ஒரு நீளக் கம்பி.

நம் நாட்டிலும் அன்று 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். பத்தாண்டு கழித்து 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளம் வந்தபோது தீபகற்பத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரங்களும் அடங்கிய ஊர்களில் பிள்ளைகள் எங்கே, பெற்றோர் எங்கே என்று தெரியாமல் நாட்கள் கழிந்தன. கோபுரத்துக்கு மாற்று பேட்டரி உண்டு. ஆனால் அது சில மணி நேரக் கணக்கு. வெள்ளத்தின் கணக்கு நாட்களில் போகிறது.

ஆற்றின் இரு முனைகள்

கிள்ளான் ஆறு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடுகிறது. கோலாலம்பூரின் நடுவே வந்து, பிரிக்பீல்ட்ஸை உரசி, ஸ்ரீ மூடாவை ஒட்டிப் போய், கிள்ளான் நகரைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. 1971 ஜனவரியில் இந்த ஆறு தலைநகரை மூழ்கடித்தபோது 32 பேர் இறந்தார்கள்; 1,80,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு அணைகளும் குளங்களும் கட்டினார்கள். 2007இல் 9.7 கிலோமீட்டர் நீள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. இருந்தும் மேலே பெய்யும் மழை கீழே வந்துதான் ஆக வேண்டும். கீழே போர்ட் கிள்ளானில் பெரிய அலையேற்ற நாட்களில் கடல் மட்டம் 5 மீட்டருக்கு மேல் எழும். அந்த நேரத்தில் ஆற்று நீர் வெளியேற வழி இருக்காது.

ஆகவே நான் கலந்துகொண்ட பயிற்சி ஒன்றில் ஆற்றின் இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டார்கள். கிள்ளானில் ஒரு கோயில் மண்டபம். அது நிவாரண மையம் என்று பாவனை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டு மாடம். அது கட்டுப்பாட்டு நிலையம். இடையே சுமார் 30 கிலோமீட்டர். கைப்பேசியை எல்லோரும் அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும் என்பது விதி.

கையில் பிடிக்கும் கருவியின் வலிமை 5 வாட். நம் வீட்டு இரவு விளக்கு அளவு. அது பயன்படுத்தும் அலைவரிசை 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை; குன்றும் கட்டடமும் மறித்தால் நின்றுவிடும். கேஎல் சென்ட்ரலைச் சுற்றி எழுந்திருக்கும் கோபுரங்களுக்கு நடுவே நின்று கிள்ளானைக் கூப்பிட்டால் இரைச்சல்தான் பதில். அதனால் உயரமான மலையில் 'ரிப்பீட்டர்' என்ற நிலையத்தை வைத்திருக்கிறார்கள். ஓர் அலைவரிசையில் கேட்டதை அது 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அலைவரிசையில், கூடுதல் வலிமையோடு திரும்பச் சொல்லும். மலை மேலே ஒரு பெரிய தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்பீட்டர் வழியாகப் பேச்சு அழகாகப் போனது. பதினைந்து நிமிடத்தில் பயிற்சியை நடத்தியவர் கையை உயர்த்தினார். தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்.

"இப்ப மலையில இடி விழுந்திருச்சு. ரிப்பீட்டர் இல்ல. என்ன செய்யப் போறீங்க?"

யாரிடமும் பதில் இல்லை. பிறகு ஓர் இளைஞர் காரை எடுத்துக்கொண்டு ஷா ஆலாமில் மேடான ஓர் இடத்துக்குப் போனார். கார் கூரையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஆண்டெனா. கிள்ளான் சொல்வதை அவர் கேட்டு எழுதி, பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பச் சொன்னார். இயந்திரம் செய்த வேலையை இப்போது ஒரு மனிதர் செய்தார்.

நாற்பத்தாறு நாற்பதான கதை

மண்டபத்திலிருந்து போன செய்தி இது. எண் 3. அவசரம். நேரம் 10.40. மண்டபத்தில் 46 பேர். நடக்க முடியாதவர் 3 பேர். நாளைக் காலை டயாலிசிஸ் தேவைப்படுபவர் ஒருவர். குடிநீர் இன்றிரவு வரை மட்டும்.

பிரிக்பீல்ட்ஸில் எழுதப்பட்ட தாளை மதியம் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 46 பேர் 40 பேர் ஆகியிருந்தார்கள். 'நாளைக் காலை' காணாமல் போயிருந்தது. இடையில் ஒரே ஒரு கைதான் மாறியது. அதற்குள் ஆறு பேருக்குச் சாப்பாடு இல்லை. ஒரு நோயாளியின் நேரம் தெரியவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு தவணை தவறினால் என்னவாகும் என்பதை அந்த வீட்டாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றுக்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"தங்கச்சி, மைக்க அமுக்குறதுக்கு முன்னாடி என்ன சொல்லப் போறோம்னு எழுதி வெச்சுக்கணும். எண்ண ஒவ்வொரு இலக்கமா சொல்லணும். அந்தப் பக்கம் முழுசா படிச்சுக் காட்டுற வரைக்கும் செய்தி போய்ச் சேரல. 'ஓகே, ஓகே'ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க."

நாற்பத்தாறு இல்லை, நான்கு, ஆறு. ஊர்ப் பெயரில் ஐயம் வந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் வழங்கும் குறிச்சொல்லைச் சொல்ல வேண்டும்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி. கேட்டவர் திரும்பப் படிக்க வேண்டும். சொன்னவர் தன் தாளோடு ஒப்பிட்டு 'சரி' என்ற பிறகுதான் அந்தச் செய்திக்கு 'அனுப்பப்பட்டது' என்று குறிப்பு. இரண்டாவது சுற்றுக்குக் கூடுதலாகச் சில நிமிடம் பிடித்தது. தாள்கள் இரண்டும் ஒன்றாக இருந்தன.

இந்த இயக்கத்தின் சாரம் இதுதான் என்று எனக்குப் பட்டது. கருவி மலிவு. மலிவில்லாதது பழக்கம். எண், நேரம், அனுப்பியவர், பெறுபவர், திரும்பப் படித்தல். பதற்றத்தில் கை நடுங்கும் இரவில் இவை தானாக வர வேண்டுமானால் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சலிப்பு வரும் வரை செய்திருக்க வேண்டும்.

பாட்டி பேசும் மொழி

வானொலியில் பேச்சு பெரும்பாலும் மலாயில், கொஞ்சம் ஆங்கிலத்தில் நடக்கும். அதுதான் சரி; எல்லோருக்கும் புரிய வேண்டும். ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி மலாயில் தன் மருந்தைச் சொல்ல மாட்டார். அன்றைய பயிற்சியில் பாட்டியாக நடிக்க வந்த உண்மையான பாட்டி ஒருவர் இப்படித்தான் சொன்னார்: "அந்த வெள்ளக் கலர் ஊசிய்யா. ஐஸ் பெட்டில வெச்சிருந்தேன். தண்ணில போயிருச்சு. ராத்திரிக்குப் போடணும்."

இதைக் கேட்டு, இன்சுலின் என்று புரிந்துகொண்டு, எப்போது கடைசியாகப் போட்டார் என்று கேட்டு, அதை நான்கு வரி மலாய்ச் செய்தியாக எழுதித் தர ஒருவர் வேண்டும். அவர் வானொலியாளராகவே இருக்க வேண்டியதில்லை. தமிழும் மலாயும் தெரிந்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த பதின்ம வயதுப் பிள்ளைகூடப் போதும். ஆற்றோரத் தாமான்களிலும், பழைய தோட்டங்களை விட்டு வந்து குடியேறிய தாழ்வான பகுதிகளிலும் நம் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காற்றலைக்கும் நடுவே உட்கார நம் பிள்ளைகள் வேண்டும்.

இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டோம். காற்றில் சொல்வதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அமெச்சூர் வானொலியில் மறைகுறியாக்கிப் பேச அனுமதியில்லை. ஆகவே நோயாளியின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் காற்றில் போகக் கூடாது. மண்டபத்தின் பதிவேட்டில் அவருக்கு ஓர் எண் கொடுத்து, 'எண் 17, இன்சுலின்' என்று மட்டும் சொன்னால் போதும். பாட்டியின் மானமும் காப்பாற்றப்படும், மருந்தும் வரும்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இருப்பது இங்கேதான். வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை இந்தத் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். உலகின் பல நாடுகளில் பார்வையற்றவர்கள் சிறந்த ஹாம் வானொலியாளர்களாக இருக்கிறார்கள். காதும் நினைவும் குரலும்தான் இந்தக் கலைக்கு மூலதனம். மின்வெட்டு இரவில் நமக்குத்தான் இருட்டு. அவர்கள் வழக்கம்போல் வேலை செய்வார்கள். உதவி பெறுகிறவர்கள் என்று மட்டுமே நாம் நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் உதவி செய்கிறவர்களாக உட்காரக்கூடிய நாற்காலி இது.

மலையைத் தாண்டும் கம்பி

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குச் சரி. தித்திவங்சா மலைத்தொடருக்கு அப்பால் கோத்தா பாருவுக்கு? அங்கேதான் சிற்றலை வருகிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஏறக்குறைய நேர் மேலே அனுப்பினால், வானத்தில் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கு அவற்றைத் திருப்பி அனுப்பும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சினால் சுற்றிலும் விழுமே, அதுபோல. மலை குறுக்கே நிற்க முடியாது.

இதற்குத் தேவையான ஆண்டெனா ஏறக்குறைய 20 மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் வெட்டி இணைப்புக் கம்பியைச் சேர்த்து, இரண்டு மாமரங்களுக்கு நடுவே தலைக்குமேல் கட்டினால் தயார். துணி காயப்போடும் கொடி மாதிரிதான் இருக்கும். நம் பகுதி நாடுகளின் ஆர்வலர்கள் பேரிடர் நேரத்தில் கூடும் இடமாக 7.110 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 100 வாட் சிற்றலைக் கருவி பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்கும்போது 1 ஆம்பியர் போதும். அதனால்தான் அனுபவசாலிகள் நிறையக் கேட்டு, குறைவாகப் பேசுகிறார்கள். பேட்டரி கற்றுத் தரும் பண்பு அது.

மலிவுக் கருவி, கடுமையான சட்டம்

இதைப் படித்துவிட்டு இன்றே இணையக் கடையில் ஒரு வாக்கி டாக்கி வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. காரணம் இருக்கிறது. மலிவுக் கருவிகள் பல, அமெச்சூர் அலைவரிசைக்கு வெளியேயும் பேசக்கூடியவை. தெரியாமல் ஒரு பொத்தானை அமுக்கினால் வேறொரு சேவையின் பேச்சுக்குள் நுழைந்துவிடுவோம்.

முறையான வழி கடினமில்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமெச்சூர் வானொலித் தேர்வை நடத்துகிறது. சட்ட விதிகள், பேசும் முறை, மின்னியல் அடிப்படை ஆகிய மூன்றிலும் கேள்விகள் வரும். ஐந்தாம் படிவ அறிவியல் படித்தவர் சில வாரம் உட்கார்ந்தால் தேறிவிடலாம். மன்றங்கள் வகுப்பு நடத்துகின்றன. தேர்ச்சி பெற்ற பிறகு ஆணையத்திடம் விண்ணப்பித்தால் உங்கள் பெயரில் அழைப்புக் குறி வரும். அதை வைத்து வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. அமெச்சூர் என்ற சொல்லுக்கே விருப்பத்துக்காகச் செய்பவர் என்றுதான் பொருள்.

தேர்வு வேண்டாம், குடும்பத்துக்குள் பேச மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு 477 மெகாஹெர்ட்ஸ் தனிப்பயன் கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு தாமானுக்குள், ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு அது போதும்.

செய்யக் கூடாதவை

ஹாம் வானொலியாளர் மீட்பாளர் இல்லை. தீயணைப்பு மீட்புப் படைக்கும் போலீசுக்கும் தங்களுக்கென்று தனி வானொலிக் கட்டமைப்பு இருக்கிறது. அவர்களுடைய வேலையில் குறுக்கே போவதும், கருவியைத் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் இறங்குவதும் உதவி ஆகாது. பொது தற்காப்புப் படையோ மாவட்ட அதிகாரியோ அழைக்கும்போது, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, கொடுத்த செய்தியை மாறாமல் கொண்டு சேர்ப்பதுதான் பணி. வதந்தியைக் கடத்தக் கூடாது. "அணை உடைந்துவிட்டதாம்" என்று ஒருவர் சொன்னால், "நீங்கள் பார்த்தீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பார்க்காததற்கு எண்ணும் நேரமும் கிடையாது.

இதில் புகழும் இல்லை. வெள்ளம் வராத ஆண்டுகளில் மனைவியோ கணவரோ, "எதுக்கு இந்தக் கம்பியும் பெட்டியும்?" என்று கேட்பார்கள். வந்த ஆண்டில் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தால், படகில் வந்தவருடைய முகம்தான் மக்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு முகவரியைச் சொன்னவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அப்படியே இருக்கட்டும் என்கிறார் அண்ணன்.

இந்த வாரம் நம் வீட்டில்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை. உரிமம் எடுக்காதவர்களும் இந்த வானொலியாளர்களின் ஒழுங்கிலிருந்து நான்கு பழக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

முதலாவது, தாள். நம்மில் பலருக்கு அம்மாவின் கைப்பேசி எண் மனப்பாடமில்லை. கருவி அணைந்தால் எண்ணும் போய்விடும். ஐந்து முக்கியமான எண்களை ஒரு தாளில் எழுதி, நனையாத உறையில் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள். மருந்துகளின் பெயரையும் அளவையும் அதன் பின்பக்கத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, வெளியூர் ஆள். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் மழையில் இருக்கும்போது பள்ளத்தாக்குக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை. ஈப்போவிலோ ஜொகூரிலோ இருக்கும் ஓர் உறவினரைக் குடும்பத்தின் 'கட்டுப்பாட்டு நிலையம்' ஆக்குங்கள். எல்லோரும் அவருக்கு மட்டும் செய்தி சொல்லட்டும். அவர் எழுதி வைத்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

மூன்றாவது, குறுஞ்செய்தி. நெரிசலில் அழைப்பு நுழையாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடும் வாய்ப்பு உண்டு, பேட்டரியும் மிச்சமாகும். எழுதும்போது தேதி, நேரம், இடம், எத்தனை பேர், என்ன தேவை, எழுதுபவர் யார் என்று ஆறையும் எழுதுங்கள். நிலைமை மாறினால், 'மீட்கப்பட்டுவிட்டோம், பழைய செய்தியை அனுப்ப வேண்டாம்' என்று இன்னொன்று போடுங்கள். அடுத்தவருடைய செய்தியை முன்னனுப்புவதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். அதில் நேரம் இல்லையென்றால் எழுதியவரைக் கேளுங்கள்.

நான்காவது, பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் இதைச் செய்து பாருங்கள். மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை என்று வைத்துக்கொண்டு, தாத்தாவின் மருந்து எங்கே, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவது யார், எல்லோரும் எங்கே கூடுவது என்று பேசுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குத்தான் இது நினைவில் நிற்கும்.

பள்ளியில் அறிவியல் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அருகில் இருக்கும் வானொலி மன்றத்தின் பயிற்சிக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். கம்பியை அளந்து வெட்டுவதும், சாலிடர் வைப்பதும், ஈப்போவிலிருந்து ஒரு முன்பின் தெரியாத குரல் தன் குறியைச் சொல்லிப் பதில் கூறுவதும் எந்தத் திரை விளையாட்டுக்கும் குறையாத சுவாரசியம். அந்தக் குரலோடு அடுத்த மாதமும் பேசுவார்கள், அதற்கடுத்த மாதமும் பேசுவார்கள். மழை இரவில் அதே குரல் '46 பேர்' என்று சொன்னால், சொல்வது யார் என்று தெரியும். நம்பி எழுதிக்கொள்ள முடியும்.